மருத்துவத் துணைவர் கல்விக்கு முற்பட்ட நோயாளர் பணி

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், கல்விக் குழுவின் வேண்டுகோளுக்கிணங்கத் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதன் ஒருவனை மேடைமேல் ஏற்றி, அமெரிக்க தேசத்து மருத்துவக் கல்வியொன்றைப் பற்றிப் பேசுக என்று பணித்திருப்பது உங்களிற் பலருக்கு வியப்பாயிருக்கும். எனக்கும் அது வியப்பே. ஆயினும் கல்விக் குழுச் செயலாளர் அவர்கள் என்னை விட்டாரில்லை. நம் குலத்துக் குடும்பங்கள் பல இன்று அந்நாட்டில் வேரூன்றியிருக்கின்றன; அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கல்லூரிப் படிப்பை முடிக்கும் பருவத்தை எய்தியிருக்கின்றனர். அவர்களுள் சிலர் டாக்டர் படிப்பை நாடாது, 'பிஸிஷியன் அஸிஸ்டெண்ட்' என்னும் தொழிலை விரும்புகின்றனர். அப்படிப்புக்கு விண்ணப்பஞ் செய்யுமுன் நோயாளரிடையே பணிசெய்து பழகியிருத்தல் வேண்டும் என்பது ஆண்டுள்ள முறை. எந்தப் பணி தக்கது, எது தகாதது என்று பெற்றோர் இங்குள்ள உறவினரைத் தொலைபேசியில் வினவுகின்றனர். இங்குள்ளோரும் அறியாததை அறிந்தார்போல் விடை பகருகின்றனர். அவ்வாறு விடை பகர்ந்து தவறியவர்களுள் யானும் ஒருவன். அத்தவற்றினால் என் தமக்கையார் மகளுக்கு ஏறத்தாழ ஓராண்டு கழிந்துபோயிற்று. அது பற்றியே செயலாளர் அவர்கள் என்னைத் தேடிப் பிடித்தார்கள் போலும்.

முதற்கண் பெயரைத் தெளிந்துகொள்வோம். யான் இத்தொழிலாளரை 'மருத்துவத் துணைவர்' என்று வழங்குவேன். துணைவர் என்றவுடன் டாக்டரின் பையைத் தூக்கிக்கொண்டு பின்செல்லும் ஆள் என்று எண்ணிவிடலாகாது. நோயாளரைப் பரிசோதித்தல், நோயின்னதென்று துணிதல், இரத்தச் சோதனை முதலியவற்றுக்குக் கட்டளையிடுதல், மருந்தெழுதிக் கொடுத்தல் ஆகிய செயல்களையெல்லாம் இவர்கள் செய்கின்றனர். அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் மருந்தெழுதும் உரிமை இவர்களுக்கு உண்டு. 'அஸிஸ்டெண்ட்' என்னும் சொல் தம் தொழிலின் அளவைக் குறைத்துக் காட்டுகின்றதென்று கருதி, அவர்களுடைய தேசியச் சங்கம் 2021-ஆம் ஆண்டில் 'பிஸிஷியன் அஸோஸியேட்' என்னும் பெயரை மேற்கொண்டது. எனினும் பெரும்பாலான மாநிலச் சட்டங்களில் பழைய பெயரே நிற்கின்றது. நம் தமிழ்நாட்டிலும் இப்பெயருடைய இளநிலைப் பட்டப்படிப்பொன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அது பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவுடன் சேரத்தக்கது. அமெரிக்காவிலுள்ளதோ, ஒரு பட்டம் பெற்ற பின்னர்ச் சேர்ந்து இரண்டாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலம் பயின்று பெறும் முதுநிலைப் படிப்பு. பெயரொன்றாயிருத்தல் பற்றி இவ்விரண்டையும் மயங்கவைத்து, இங்குள்ள படிப்பின் விதிகளை அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுதியனுப்பினோரும் உளர்.

படிக்குமுன் பணி செய்யவேண்டும் என்று கேட்பது ஏன்? படித்தபின் பணி செய்வதன்றோ உலக வழக்கு? இவ்வினாவுக்கு விடை அத்தொழில் பிறந்த வரலாற்றிலேயே இருக்கின்றது.

வட கரோலைனா மாநிலத்தில் கார்லண்ட் என்னும் சிற்றூரில் ஏமஸ் ஜான்ஸன் என்னும் டாக்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஹென்றி லீ ட்ரெட்வெல் என்னும் கறுப்பினத்தவர் ஒருவர் உதவியாளராக அமர்ந்தார். ட்ரெட்வெல் மருத்துவக் கல்லூரியில் பயின்றவரல்லர். டாக்டரோடு கூடவிருந்து, நோயாளரைக் கண்டு கண்டு, கையாற் செய்து செய்து, தொழிலைக் கற்றுக்கொண்டவர். டாக்டர் வெளியூர் செல்லும் நாட்களில் வரும் நோயாளரைக் கவனிக்கும் அளவுக்கு அவரிடம் திறமை முதிர்ந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒருங்கிருத்தல் அரிதாயிருந்த தென்மாநிலமொன்றில் இது நிகழ்ந்தது என்பதையும் நினைவிற் கொள்க. அதே மாநிலத்து டர்ஹம் நகரிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவத் துறைத் தலைவராயிருந்த யூஜீன் ஸ்டெட் என்னும் பேராசிரியர் இவ்விருவரையும் அறிவார். நாட்டில் டாக்டர்கள் போதாமையைக் கண்டு வருந்திய அவர், இத்தகைய உதவியாளரை முறையாகப் பயிற்றினாலென்ன என்று எண்ணி, 1965-ஆம் ஆண்டில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். அதிற் சேர்ந்தவர் நால்வரே. நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணியாளராயிருந்து மீண்டவர்கள். 1967-ஆம் ஆண்டில் மூவர் தேறி வெளிப்போந்தனர். 1969-ஆம் ஆண்டில் ஸீயாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மித் என்பவர் தொடங்கிய 'மெடெக்ஸ்' என்னும் திட்டமும், போர்க்களத்தில் காயமுற்றோரைக் காத்துப் பழகியவர்களை நாடியே எழுந்தது.

ஆகவே இக்கல்வி முதன்முதல் யாருக்காக ஏற்பட்டதெனின், கை பழகியிருந்தும் ஏட்டுக்கல்வி பெறாதவர்களுக்காக ஏற்பட்டது. கைப்பழக்கம் முன்னரே இருக்கின்றது, அதன்மேல் நூலறிவை ஏற்றினாற் போதும் என்பதே அதனைத் தோற்றுவித்தோர் கருத்து. டாக்டர் படிப்பு நெடுங்காலத்தது. இதுவோ குறுகியது. குறுகிய காலத்திற் பெரிய பொறுப்பை ஒருவர் தலையில் வைக்கவேண்டுமாயின், நோயாளியைத் தொட்டறியாத ஒருவரை வைத்து முதலெழுத்திலிருந்து தொடங்க இயலாது. இந்த அடிப்படையை யான் முன்னரே அறிந்திருந்தேனாயின், தமக்கையார் மகளுக்குக் கூறிய அறிவுரையைக் கூறியிரேன்.

இப்போதுள்ள விதி வருமாறு. மருத்துவத் துணைவர் பள்ளிகள் அந்நாட்டில் 300-க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் 'காஸ்பா' என்னும் பொது விண்ணப்ப நிலையத்தின் வழியாகவே விண்ணப்பஞ் செய்யவேண்டும். அவ்விண்ணப்பத்தில் ஒருவர் செய்த பணிகளை வகைபிரித்து எழுத இடம் வகுத்திருக்கின்றனர். அவற்றுள் நாம் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, 'நோயாளரைப் பேணிய பணி': நோயாளியின் சிகிச்சைக்கு நேரே பொறுப்பேற்றுச் செய்தவை இதன்கண் அடங்கும். இரண்டாவது, 'மருத்துவத்துறைப் பணி': மருத்துவச் சாலையிற் செய்ததாயினும், நோயாளியின் சிகிச்சையில் நேரே தலையிடாதவை. மருந்துக்கடை உதவி, பதிவேடு எழுதுதல், பண்டங்களை ஒழுங்குபடுத்தல், நோயாளிக்கு உணவுத் தட்டுக் கொண்டு போதல் போல்வன பெரும்பாலும் இரண்டாவதில் அடங்கும். ஒரு டாக்டரின் பின் நின்று அவர் செய்வதைப் பார்த்திருத்தல் வேறொரு வகை. அதற்குத் தனி இடமுண்டு. அதனை முதல் வகையில் எழுதுதல் பிழை.

இவ்வளவு நாழிகை வேண்டும் என்பது பள்ளிதோறும் வேறுபடும். சில 500 மணி நேரம் போதும் என்கின்றன. பல 1,000 கேட்கின்றன. 2,000 கேட்பனவும் உள. ஒன்றும் கேளாதனவும் உள. வாரத்துக்கு 40 மணியாக ஆண்டில் 50 வாரம் உழைத்தால் 2,000 ஆகும் என்று கணக்கிட்டுக் கொள்க. குறைந்த அளவு என்று அச்சிட்டிருப்பது வாயிற்படி மட்டுமே. இடம் பெறுவோர் பலர் அதற்கு மேற்பட்ட நேரம் உழைத்தவராயிருப்பர்.

இனி, என் தவற்றைச் சொல்லுகின்றேன். தமக்கையார் குடும்பம் வட கரோலைனாவில் வாழ்கின்றது. மகள் உயிரியலிற் பட்டம் பெற்றவுடன், எந்தப் பணியிற் சேர்வது என்னும் ஆராய்ச்சி வீட்டில் எழுந்தது. அவள் கருதியது நர்ஸிங் அஸிஸ்டெண்ட் வேலை. படுக்கையிற் கிடப்போரைக் குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், ஊட்டுதல், மலசலம் எடுத்துத் துப்புரவு செய்தல், நாடியும் சூடும் அழுத்தமும் அளந்து எழுதுதல் ஆகியவை அதன் கடமை. தமக்கையார் அன்றிரவே என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். "தம்பி, நம் வீட்டுப் பெண் ஊரார் பீ மூத்திரம் அள்ளுவதற்கா இத்தனை பணங்கொட்டிப் படிக்க வைத்தோம்? ஊரில் தெரிந்தால் யார் நம் வீட்டில் கைநனைப்பார்கள்? நீ சொன்னாற் கேட்பாள், எடுத்துச் சொல்லப்பா" என்றார்கள். யானும் சொன்னேன். "டாக்டருக்கு அருகிலிருந்து எழுதும் வேலையொன்று உண்டாமே, அம்மா! அது கௌரவமானதன்றோ? டாக்டர்கள் பேசுவதைக் கேட்டே கற்றுக்கொள்ளலாமே" என்றேன். அவள், "மாமா, அதைச் சில பள்ளிகள் கணக்கில் எடுப்பதில்லை என்கின்றார்களே" என்றாள். அதற்கு யான், "அறிவுடையார் அதனைத் தள்ளுவாரா?" என்று ஒரு விடை கூறினேன். அது விடையன்று, வெறும் வாய்ச்சொல். பணம் பெற்றுக்கொண்டு விண்ணப்பத்துக்கு வழிகாட்டும் நிலையமொன்றும், எழுத்துப் பணியே போதும் என்று உறுதி கூறியது.

'ஸ்கிரைப்' எனப்படும் அவ்வெழுத்துப் பணி இழிந்ததன்று. டாக்டர் நோயாளியை என்னென்ன வினவுகின்றார், விடைகளிலிருந்து எதனை விலக்கி எதனைத் துணிகின்றார் என்பதை ஒருவர் அருகிருந்து கேட்டு எழுதும்போது, மருத்துவச் சிந்தனையின் போக்கு நன்கு விளங்கும். கலைச்சொற்கள் கைவரும். அவள் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பகுதியில் பதினொரு மாதம் அவ்வாறு எழுதினாள். பின்னர்த் தான் விரும்பிய ஆறு பள்ளிகளின் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தபோது, நான்கு பள்ளிகள் ஸ்கிரைப் பணியை இரண்டாம் வகையிற் சேர்த்திருந்தன. ஒன்று பாதியளவே கொள்வதாகக் கூறியது. விதிகள் எல்லாம் அப்பள்ளிகளின் இணையப் பக்கங்களில் வெளிப்படையாக இருந்தன. பதினொரு மாதத்துக்கு முன்னும் இருந்தன. படிக்காதவர் நாங்கள். வழிகாட்டு நிலையத்தாரை வினவியபோது, விதிகள் மாறக்கூடியவை என்று கூறிவிட்டனர்.

ஆகவே பணியைத் தேர்வதற்கு முன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விண்ணப்பிக்க எண்ணும் பள்ளிகள் எட்டோ பத்தோ எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தப் பணியை எந்த வகையிற் கொள்கின்றது, ஊதியம் பெற்ற பணியை மட்டும் கொள்ளுமா, ஊதியமின்றிச் செய்ததையும் கொள்ளுமா, எத்தனை ஆண்டுக்குள் செய்ததாயிருத்தல் வேண்டும், எந்நாளில் மணிகள் நிறைந்திருத்தல் வேண்டும் என்பவற்றைப் பார்த்தல் வேண்டும். ஐயமிருப்பின் அப்பள்ளிக்கே எழுதிக் கேட்கலாம். விடையெழுதுகின்றார்கள்.

அதன்பின் அவள் யாரையும் கேட்கவில்லை. நர்ஸிங் அஸிஸ்டெண்ட் பயிற்சியிற் சேர்ந்துவிட்டாள். முதியோர் பராமரிப்பு இல்லங்களிற் பணிபுரிவோர் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறவேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சில மாநிலங்கள் அதனினும் மிகுதியாகக் கேட்கின்றன. சில வாரங்களில் முடியும் பயிற்சி இது. ஆதலின், மருத்துவத்துறையில் விரைவாக நுழைதற்கு இதனினும் எளிய வாயில் அரிது. பெரும்பாலான பள்ளிகள் முதல் வகையிற் கொள்ளும் பணிகளுள் இது ஒன்று.

முதல் மாதத்தில் அவள் என்ன கற்றாள் என்று யான் வினவியபோது, பெரிய நோய்ப் பெயர்கள் எவற்றையும் அவள் சொல்லவில்லை. படுக்கையை விட்டெழ இயலாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடின் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் கன்றிப் புண்ணாகும் என்றாள். அப்புண் தோன்றுமுன் அவ்விடம் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காது நிற்கும் என்றாள். விழுங்கும் ஆற்றல் குறைந்தவருக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கவேண்டும், நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்டவேண்டும், ஊட்டியவுடன் படுக்க வைக்கலாகாது என்றாள். சிறுநீரின் நிறமும் அளவும் நாற்றமும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்லும் என்றாள். ஒருநாள் அவள் பொறுப்பிலிருந்த முதியவர் ஒருவர் வழக்கமாக உண்ணும் காலையுணவிற் பாதியை விட்டுவிட்டார். சுரமில்லை, இருமலுமில்லை. ஆயினும் தன் பெயரை மாற்றி அழைத்தார் என்பதையும், மூச்சு வழக்கத்தினும் சற்று விரைந்தது என்பதையும் கண்டு, நர்ஸிடம் சென்று சொன்னாள். எடுத்த எடுப்பில் அதனைப் பொருட்படுத்துவாரில்லை. இவள் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிச் சொன்ன பின்னரே டாக்டருக்குச் செய்தி போயிற்று. நுரையீரற் சளிச்சுரம் என்று பிற்பகலில் தெரிந்தது. முதியவர்களிடத்து அந்நோய் சுரமின்றியும் தோன்றும் என்பதை அவள் பின்னர் நூலில் படித்தாள். இதனை யான் கேட்டபோது, அவசர சிகிச்சைப் பகுதியில் பதினொரு மாதம் எழுதியதைப்பற்றி அவள் ஒருநாளும் இவ்வாறு சொன்னதில்லையே என்பது நினைவுக்கு வந்தது. ஆண்டு அவள் கேட்டவை பிறர் கண்டவை.

பெரியோர்களே! ஈண்டு ஒன்று சொல்லவேண்டும். சொல்லுதற்குச் சற்றுக் கூசுகின்றேன். நம் சங்கத்து மேடையில் நின்று சொல்லவேண்டியிருத்தலின் அக்கூச்சம். பிறர் உடம்பைத் தொடுவதும், பிறர் கழிவை எடுப்பதும் நமக்குரியன அல்ல, அவை வேறு சிலருக்குரியன என்னும் எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றது. வாயினால் மறுப்போம், பெண்ணுக்கு வேலை தேடும்போது அது எழுந்து நிற்கும். யான் பள்ளியில் மாணாக்கர்க்குச் சாதிவேற்றுமை தகாது என்று முப்பால் நூலை முன்வைத்து விரித்துரைப்பவன். தமக்கையார் அழைத்த இரவில் ஒரு நொடியும் தயங்காமல் எழுத்து வேலையைப் பரிந்துரைத்தேன். ஏன்? அது தொடாத வேலை. மருத்துவக் காரணம் ஒன்றும் என்னிடம் இருந்ததில்லை. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து நோயாளியைப் பேணுவோனையும் சேர்த்து மருத்துவத்தை நான்கு கூறாக எண்ணுகின்றது. இருபதாண்டாக அதனைக் கற்பித்தேன். அந்நான்காம் கூறு நம் வீட்டுப் பெண்ணாக இருத்தல் கூடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நாளை மருத்துவத் துணைவராகி அவள் கட்டளையிடப்போகும் இடத்தில், அக்கட்டளையை நிறைவேற்றுவோர் இந்த நர்ஸிங் அஸிஸ்டெண்ட்களே. அவர்களுடைய சுமையைத் தோளில் தாங்கியறியாதவர் அவர்களுக்கு எவ்வாறு கட்டளையிடுவார்?

ஆயினும் எல்லாரும் இப்பணியையே செய்க என்று யான் கூறவில்லை. இதில் துன்பமும் உண்டு. கூலி குறைவு. கனத்த உடம்பினரைத் தூக்கித் திருப்புவதால் முதுகு நோகும். தக்க முறை கற்காமலும், தூக்கும் பொறியைப் பயன்படுத்தாமலும் செய்வோர் முதுகெலும்பைக் கெடுத்துக்கொள்கின்றனர். ஆட்குறைந்த இல்லங்களில் ஒருவர் தலையில் மிகப்பலரைச் சுமத்துவதும் உண்டு. அவள் முதலிற் சேர்ந்த இல்லம் அத்தகையது. இரண்டு மாதத்தில் வேறிடம் மாறிக்கொண்டாள். மாறியது நன்றே.

ஆம்புலன்ஸில் சென்று அவசர உதவி செய்யும் 'எமர்ஜென்ஸி மெடிக்கல் டெக்னீஷியன்' பணி மற்றொன்று. ஏறத்தாழ 150 முதல் 200 மணி நேரப் பயிற்சி பெற்றுத் தேர்வெழுதவேண்டும். வீதியிலும் வீட்டிலும் நோயாளியை முதன்முதல் காண்பவர் இவரே. யாதொரு சோதனைக் கருவியும் டாக்டரும் அருகில் இல்லாதபோது, இவர் உடனே செல்லத்தக்கவரா, சற்றுப் பொறுக்கத்தக்கவரா என்று கண்ணாலும் கையாலும் துணியவேண்டும். தாமே துணியும் பழக்கம் இதில் விரைவாக வளரும். நமது இளைஞருள் துணிவும் ஓட்டமும் உள்ளவர்க்கு இதனினும் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு குறிப்பு: சில ஆம்புலன்ஸ் நிறுவனங்களில் நோயாளரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோதலே முழுவேலையாயிருக்கும். சேருமுன் அதனைக் கேட்டறிக. இதற்கு மேற்பட்ட 'பாராமெடிக்' நிலை நெடும்பயிற்சியுடையது. அதனை முன்னரே பெற்றவர்க்கும், நர்ஸ் பட்டம் பெற்றவர்க்கும், சுவாச சிகிச்சையாளர்க்கும் இப்பேச்சு வேண்டுவதேயில்லை.

டாக்டர்களின் வெளிநோயாளர் நிலையங்களில் 'மெடிக்கல் அஸிஸ்டெண்ட்' என்று ஒருவகைப் பணியாளர் உண்டு. அழுத்தம் பார்த்தல், ஊசி போடுதல், இரத்தம் எடுத்தல், நோயாளியின் குறையை முதலிற் கேட்டெழுதுதல் முதலியன செய்வர். பகல் வேலை, குடும்பத்தாருக்கு மனநிறைவு தருவது. நல்ல டாக்டரிடம் அமைந்தால் மிகச் சிறந்தது. ஒரே நோயாளி மீண்டும் மீண்டும் வருவதைக் காணும் பேறு இதில் உண்டு. வாயிலில் அமர்ந்து பெயர் பதிவதையும் தொலைபேசி எடுப்பதையுமே இப்பெயரால் வாங்கிக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஆதலின் பதவிப் பெயரைப் பார்த்து மயங்காது கடமைகளைக் கேட்க. இரத்தமெடுக்கும் வேலை மட்டும் செய்வோர், கை மிகத் திருந்தினும் ஒரே செயலையே செய்கின்றனர். அதனைத் தனியே கொள்ளாது மற்றொன்றனோடு சேர்த்துக்கொள்ளுதல் நலம்.

இனி நம்மவரிடத்திற் சிறப்பாகத் தோன்றும் சில செய்திகள். கோடை விடுமுறையில் பிள்ளையை இங்கே வரவழைத்து, உறவினரான டாக்டர் ஒருவரின் மருத்துவமனையில் இரண்டு மாதம் வைத்திருந்து, 'நானூறு மணி நேரம் பணி செய்தார்' என்று சான்றிதழ் வாங்கியனுப்பலாம் என்று நம் பெரியவர் ஒருவர் எனக்கும் வழி கூறினார். அன்பினாற் கூறினார். ஆனால் பயிற்சியும் உரிமமும் இல்லாத மாணவியை நம் ஏழை நோயாளியின் உடம்பில் தையல்போடப் பழக்குவது அந்த நோயாளிக்குச் செய்யும் தீங்கு. அமெரிக்காவில் அவளுக்கு அனுமதியில்லாத செயலை இங்கே செய்தாள் என்று விண்ணப்பத்தில் எழுதினால், அப்பள்ளியார் அதனைப் பெருமையாகக் கருதுவாரல்லர். செய்யாததைச் செய்ததாக எழுதுவதோ அதனினும் கேடு. ஒவ்வொரு பணிக்கும் மேலாளர் பெயரும் அவரை அணுகும் வழியும் விண்ணப்பத்திற் கேட்கின்றார்கள். இனிச் செய்யவிருக்கும் மணிகளையும் கணக்கிற் கூட்டலாகாது. செய்து முடித்தவையே எண்ணப்படும்.

மற்றொன்று குடியுரிமை பற்றியது. தந்தையோ தாயோ எச்-1பி என்னும் விசாவில் உழைக்க, அவரைச் சார்ந்து எச்-4 விசாவில் வாழும் பிள்ளைகளுக்கு ஊதியம் பெற்று வேலை செய்யும் உரிமை இல்லை. 2015-ஆம் ஆண்டு விதி சில கணவன் மனைவியருக்கு மட்டுமே அவ்வுரிமையளித்தது. 21 வயது நிறைந்தவுடன் அந்தச் சார்பு நிலையும் நீங்கிவிடும். இத்தகைய பிள்ளைகள், ஊதியமின்றித் தொண்டர்கள் இயல்பாகச் செய்யும் பணியையும் ஏற்றுக்கொள்ளும் பள்ளிகள் எவை, அயல்நாட்டினரைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் எவை என்று முன்னரே ஆராயவேண்டும். பட்டம் பெற்றபின் ஆராய்வது காலங்கடந்ததாகும். நம் சங்கத்துக் குடும்பங்களில் இந்நிலையிலுள்ள பிள்ளைகள் சிலர் உளரென்று அறிகின்றேன். கல்விக் குழு முதலில் கவனிக்கவேண்டியது அவர்களையே.

பணியிற் சேர்ந்தவர்கள் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்க. வாரந்தோறும் செய்த மணி, கற்ற செயல், மனத்திற் பதிந்த நிகழ்ச்சி ஆகியவற்றை எழுதுக. விண்ணப்பக் கட்டுரை எழுதும்போது ஈராண்டுக்கு முற்பட்டவை நினைவில் நில்லா. நோயாளியின் பெயர், ஊர், அவரை அடையாளங் காட்டும் வேறெதனையும் எழுதலாகாது. நோயாளரின் மறைச்செய்தியைக் காக்கும் சட்டம் 1996-ஆம் ஆண்டு முதல் அங்கே உண்டு. யான் முன்னர்க் கூறிய முதியவரின் பெயரை அவள் எனக்கும் சொன்னதில்லை. மருத்துவத் துணைவர் ஒருவர் பின் நின்று பார்க்கும் நாட்களும் சில வேண்டும். இல்லாவிடின் தான் நாடும் தொழில் இன்னதென்றே அறியாது விண்ணப்பித்தவராவர். பரிந்துரைக் கடிதம் எழுதத்தக்கவர், பெயர்பெற்ற உறவினர் அல்லர். நம் உழைப்பை நாள்தோறும் கண்ட நர்ஸும் மேலாளருமே.

காலக் கணக்கொன்றையும் கூறிவிடுகின்றேன். பொது விண்ணப்ப நிலையம் ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியிற் புதிய பருவத்தைத் திறக்கும். பல பள்ளிகள் வரும் விண்ணப்பங்களை வந்த முறையே பார்த்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பனவாதலின், இறுதி நாள்வரை காத்திருத்தல் தகாது. கல்லூரியிற் படித்துக்கொண்டே வாரத்துக்கு 16 மணி பணிசெய்யும் மாணவர்க்கு 1,000 மணி நிறைய 63 வாரம் ஆகும். தேர்வு விடுமுறைகளையும் கூட்டினால் ஒன்றரை ஆண்டு. ஆகவே இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே பயிற்சிச் சான்று பெற்றுக்கொள்வோர், பட்டம் பெறும் ஆண்டிலேயே விண்ணப்பிக்கலாம். பட்டம் பெற்றபின் தொடங்குவோர் முழுநேரம் உழைத்தும் ஓராண்டு பொறுக்கவேண்டும். அதில் இழுக்கொன்றுமில்லை; பலர் அவ்வாறே செய்கின்றனர். அவ்வோராண்டில், இத்தொழில் தமக்கு ஒவ்வாது என்று கண்டு வேறு வழி சென்றாரும் உளர். பெருங்கடன் வாங்கிப் பள்ளியிற் சேர்ந்தபின் அதனைக் காண்பதினும் இது மேல்.

தமக்கையார் மகள் இப்போது 1,700 மணி நிறைத்து விண்ணப்பஞ் செய்திருக்கின்றாள். இரண்டு பள்ளிகள் நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கின்றன. முடிவு இன்னும் வரவில்லை. அவள் எழுதியனுப்பிய பத்துப் பள்ளிகளின் விதிக் குறிப்பைச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கின்றேன். அது இவ்வாண்டுக்குரியது, அடுத்த ஆண்டு விண்ணப்பிப்போர் மீண்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டிற் பிள்ளைகளையுடைய பெற்றோர் எவரேனும் இதுபற்றி அவளோடு பேச விரும்பின், உணவுக்குப் பின் என்னிடம் பெயர் கொடுக்கலாம். அவளுக்கு இரவுப் பணியாதலின், நம் நேரம் மாலை ஐந்து மணி முதல் பின்னிரவு வரை அவளை அழைக்கவேண்டா.